"நாலு வாட்டி சொல்லியும் பின்னாடியே வர்றான்" – வாசகர் கேள்வி பதில்

பெயர், ஊர் நீக்கி, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம். பதில் எழுதுபவர்கள் மகளிர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரும் குடும்ப ஆலோசகர் ஒருவரும்.

கேள்வி: என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பையன் ஒருவன் நாலு மாதமாக பஸ் ஸ்டாப்பிலிருந்து காலேஜ் கேட் வரை பைக்கில் பின்னாடியே வருகிறான். நாலு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்போது வேறு வேறு நம்பரிலிருந்து மெசேஜ் வருகிறது. "படிப்பை நிறுத்திட்டு மாப்பிள்ளை பாரு" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஸ்டேஷனுக்குப் போனால் பெண் பெயர் கெட்டுவிடாதா?

பதில்: படிப்பை நிறுத்துவது அவனுக்கு வரவேண்டிய தண்டனையை உங்கள் மகளுக்குக் கொடுப்பது. அதனால் அவன் நிற்கப் போவதுமில்லை. கல்யாண மண்டப வாசலில் வந்து நின்றவர்களும் உண்டு.

முதலில் ஆதாரம். நாலு தடவை வாயால் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம். அதனால் ஐந்தாவது தடவையாக ஒரே ஒரு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள்: "எனக்கு உங்களோடு பேச விருப்பமில்லை. இனி மெசேஜ், போன் எதுவும் வேண்டாம். பின்னால் வரவும் வேண்டாம்." 'ப்ளீஸ்', 'அண்ணா', 'இப்போ படிக்கணும்' எதுவும் அதில் இருக்கக் கூடாது. 'இப்போ' என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு 'அப்போ அப்புறம் ஓகேவா' என்று வருவார்கள். அனுப்பிய பிறகு அவன் எதைச் சொன்னாலும் பதில் போகக் கூடாது. திட்டிக்கூட. நாற்பது மிஸ்டு காலுக்குப் பிறகு ஒரு தடவை எடுத்துத் திட்டினால், நாற்பது தடவை அடித்தால் எடுப்பாள் என்று அவன் கற்றுக்கொள்கிறான்.

பிளாக் செய்யலாமா என்பது அடுத்த குழப்பம். பிளாக் செய்தால் மன நிம்மதி, ஆனால் அதன் பிறகு அவன் அனுப்புவது பதிவாகாது. பழைய போன் ஒன்றில் அந்த சிம்மைப் போட்டு அண்ணனிடமோ உங்களிடமோ வைத்துக்கொண்டு, மகளுக்குப் புது நம்பர் வாங்கிக் கொடுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது பலர் செய்யும் தவறு, அந்த நம்பரை 'பொறுக்கி' என்று சேமித்து வைத்திருப்பது. படத்தில் 'பொறுக்கி' என்றுதான் தெரியும், நம்பர் தெரியாது. பெயரைத் தட்டி உள்ளே போய் நம்பர் தெரியும் பக்கத்தையும் எடுங்கள். தேதி, நேரம் வெட்டுப்படக் கூடாது. இன்ஸ்டாகிராம் என்றால் அந்தக் கணக்கின் லிங்க்கை எழுதி வையுங்கள், பெயரை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடுவார்கள். அசல் மெசேஜ் உள்ள போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்தோடு புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு அந்தப் போன் வேண்டும்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒரு நாளைக்கு ஒரு வரி: தேதி, நேரம், இடம், வண்டி எண், கூட யார் இருந்தார்கள். பஸ் ஸ்டாப் எதிரே இருக்கும் கடையின் கேமராவில் பழைய பதிவு மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும், பல கடைகளில் 15 நாள், 30 நாளோடு சரி. புகார் மனுவிலேயே "இந்தக் கடையின் சிசிடிவி பதிவைப் பாதுகாக்கக் கோருகிறேன்" என்று ஒரு வரி சேருங்கள்.

இப்போது ஸ்டேஷன். பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது (2024 ஜூலைக்கு முன் ஐ.பி.சி. 354-டி). விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது, தொடர்புகொள்ளப் பார்ப்பது, இணையத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று கண்காணிப்பது மூன்றும் குற்றம். மத்தியச் சட்டத்தின்படி முதல் தடவை 3 ஆண்டு வரை, மறுபடி செய்தால் 5 ஆண்டு வரை. அந்த ஐந்தாவது மெசேஜை ஏன் அனுப்பச் சொன்னோம் என்பது இப்போது புரியும். 'தெளிவாகக் காட்டிய' என்ற சொற்களில்தான் வழக்கே நிற்கிறது. 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இறந்ததைத் தொடர்ந்து தமிழ்நாடு தனியாகக் கொண்டுவந்த பெண்களைத் துன்புறுத்துதல் தடைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். மகளுக்கு 18 நிறையவில்லை என்றால் கதையே வேறு, அது போக்சோ.

எங்கே சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். மனுவை வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது கொடுப்பார்கள். அது எஃப்.ஐ.ஆர். அல்ல, மனு வந்து சேர்ந்ததற்கான சீட்டு. பிறகு பையனைக் கூப்பிட்டு, அப்பா அம்மாவை நிறுத்தி, "இனி செய்ய மாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்பிவிடுவார்கள். சில பையன்கள் அதோடு அடங்குவதும் உண்டு. ஆனால் எழுதிக் கொடுத்ததன் நகலை நீங்கள் வாங்காமல் வந்தால், அடுத்த தடவை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்த, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே "விசாரிக்கிறோம்" என்றால் 15-ஆம் நாள் போய் நில்லுங்கள். அப்போதும் எஃப்.ஐ.ஆர். இல்லை என்றால் எஸ்.பி.க்கு (மாநகரம் என்றால் கமிஷனர் அலுவலகத்துக்கு) பதிவுத் தபாலில் அதே மனு. அதற்கும் பதில் இல்லாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம்.

இந்தக் குற்றத்தில் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும். விசாரணைக்கு உங்கள் மகளை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவள் இருக்கும் இடத்துக்கு அவர்கள் வர வேண்டும். பெயர் கெடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். நாலு மாதமாகத் தெருவில் பைக் ஓட்டிக்கொண்டிருப்பவன் பெயரைப் பற்றி அந்தச் சொந்தக்காரர்களில் யாராவது கவலைப்பட்டார்களா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: மூன்று வருடமாக ஒரு பெண்ணைக் காதலிக்கிறேன். அவளுக்காக வேலை மாறினேன், போன் வாங்கிக் கொடுத்தேன். இப்போது 'ஃப்ரெண்டாதான் பழகினேன்' என்கிறாள். உண்மையான காதல் என்றால் விடாமல் முயற்சி செய்யத்தானே வேண்டும்?

பதில்: தம்பி, போன் கடையில் நீங்கள் கொடுத்த பணத்துக்குக் கிடைத்தது போன். அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. அவள் சம்மதம் எந்தக் கடையிலும் தவணைக்குக் கிடைப்பதில்லை. மூன்று வருடம் என்பது உங்கள் முதலீடு என்று நினைக்கிறீர்கள். அவள் கடன் வாங்கியதாக எங்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

வலி உண்மை, அதைச் சிரித்து ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் 'அவள் வேண்டாம் என்கிறாள்' என்பதற்கும் 'என்னை ஏமாற்றிவிட்டாள்' என்பதற்கும் இடையில் ஒரு இரவுதான் தூரம். அந்த இரவில் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிலோடு 'விடாத மச்சி' என்று சொல்கிற நண்பர்கள்தான் ஆபத்து. தூது போகிற, நம்பர் வாங்கித் தருகிற, பைக்கில் பின்னால் உட்கார்ந்து வருகிற நண்பனும் உடந்தையாக வழக்கில் சேர்வான் என்பதை அவர்களுக்கும் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது: நம்பரை அழியுங்கள். அவள் தங்கை, தோழி மூலம் 'கடைசியா ஒரு தடவை பேசணும்' என்று கேட்க வேண்டாம். வன்முறையில் முடிந்த எத்தனையோ வழக்குகள் அந்தக் 'கடைசியா ஒரு தடவை'யில்தான் தொடங்கியிருக்கின்றன. அவள் பார்க்கட்டும் என்று சோகப் பாட்டை ஸ்டேட்டஸில் வைப்பதும் ஒரு வகையில் அவள் கதவைத் தட்டுவதுதான். அவள் போகும் வழியில் போகும் பஸ்ஸை ஆறு மாதத்துக்கு மாற்றுங்கள். தூக்கம் வராமல், செத்துவிடலாம் என்று தோன்றினால் 104-க்குப் பேசுங்கள். அதை அவளுக்கு மெசேஜாக அனுப்பாதீர்கள், அது மிரட்டல்.

கேள்வி: பழகியபோது அனுப்பிய படங்களை வைத்துக்கொண்டு, திரும்பி வராவிட்டால் என் அண்ணனுக்கும் ஆபீஸ் குரூப்புக்கும் அனுப்புவேன் என்கிறான். வீட்டில் சொல்ல முடியாது.

பதில்: அவன் கேட்பதைக் கொடுத்தால் நிற்காது. பணம் கொடுத்தாலும் சரி, நேரில் போனாலும் சரி, அடுத்த வாரம் விலை ஏறும். நீங்கள் விரும்பித்தான் அனுப்பினீர்கள் என்பது அவனுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பிறருக்குக் காட்டச் சம்மதிக்காதபோது பரப்புவது குற்றம் என்று நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவில் விளக்கமாகவே எழுதியிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ, 67-ஏ பிரிவுகளும், மிரட்டலுக்கு 351-உம், பணம் கேட்டால் 308-உம் சேரும்.

இன்று ராத்திரியே செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, வாட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' திறந்து பாருங்கள், தெரியாத கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் வெளியேற்றுங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள், போட்டோ பேக்கப் அங்கேதான் இருக்கிறது. மாற்றுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட்.

இரண்டு, 'ஸ்டாப் என்சிஐஐ டாட் ஓஆர்ஜி' என்ற தளம். படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை. உங்கள் போனிலேயே படத்திலிருந்து ஒரு குறியீட்டைக் கணக்கிட்டு, அந்தக் குறியீட்டை மட்டும் அனுப்புகிறது. பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்ற, அதில் சேர்ந்துள்ள தளங்களில் அதே படம் ஏறினால் அடையாளம் கண்டு தடுக்கிறார்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். படத்தை வெட்டியோ மாற்றியோ போட்டால் நழுவிவிடலாம், டெலிகிராம் குரூப்புக்கு இது கைகொடுக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். ஏற்கெனவே வெளியாகிவிட்டால் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு நீங்களே எழுதுங்கள். நிர்வாணப் படம், மார்பிங் படம் பற்றிய புகாரில் நீக்குவதற்கு 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் 24 மணி நேரக் கெடு வைத்தன.

புகாருக்கு 1930, அல்லது தேசிய சைபர் கிரைம் இணையதளம். அதில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பகுதியில் பெயர் சொல்லாமலும் பதியலாம். ஆனால் பெயரில்லாப் புகாரில் அவனைப் பிடிப்பது மெதுவாகத்தான் நடக்கும். புகார் கொடுத்தவர் பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தை வீண் என்று சொல்ல மாட்டோம். பொள்ளாச்சி வழக்கில் 2019-இல் பெயர் வெளியானது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வழக்கில் எஃப்.ஐ.ஆரே இணையத்தில் கசிந்தது. இரண்டிலும் உயர் நீதிமன்றம் 25 லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்க அரசுக்கு உத்தரவிட்டது. அதனால் மனுவின் முதல் வரியிலேயே "என் அடையாளத்தை வெளியிடக் கூடாது" என்று எழுதிவிடுங்கள். பொள்ளாச்சியில் படத்தைக் காட்டி மிரட்டியவர்கள் நம்பியது ஒன்றைத்தான், இவள் வீட்டில் சொல்ல மாட்டாள் என்பதை. சொன்னார்கள். 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை கிடைத்தது. வீட்டில் ஒரே ஒருவரிடமாவது, அண்ணியிடமோ சித்தியிடமோ, நீங்கள் முந்திச் சொல்லிவிட்டால் அவன் கையில் இருப்பது வெறும் போன்.

கேள்வி: கல்யாணமாகி 9 வருடம். குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அடிக்கிறார். போன வாரம் கழுத்தைப் பிடித்தார். வீடு மாமியார் பெயரில் இருக்கிறது. போலீஸுக்குப் போனால் அவர் வேலை போய்விடும், பிள்ளைகளோடு நான் தெருவில் நிற்பேன்.

பதில்: அம்மா, மற்றதெல்லாம் இருக்கட்டும், கழுத்துக்கு முதலில் வருவோம். கழுத்தை நெரித்ததில் வெளியே காயமே தெரியாமல் உள்ளே அடிபட்டிருக்கலாம். குரல் கம்முதல், விழுங்கும்போது வலி, கண் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள், தலைசுற்றல், அந்த நேரத்தில் தன்னை அறியாமல் சிறுநீர் போனது, இதில் ஏதாவது இருந்தால் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஒருமுறை கழுத்தை நெரித்தவன் கையால் அந்தப் பெண் பின்னால் கொல்லப்படும் ஆபத்து ஏழு மடங்குக்கு மேல் என்று அமெரிக்காவில் 2008-இல் வந்த ஆய்வு கண்டது. அறைவது, தள்ளுவது எதையும் குறைத்துச் சொல்லவில்லை. கழுத்துக்குக் கை போய்விட்டால் 'இன்னொரு வாய்ப்பு' என்ற பேச்சை நிறுத்திவிட வேண்டும்.

மருத்துவமனையில் 'எப்படி அடிபட்டது?' என்று கேட்டு ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதுவார்கள். அந்த ஒரு வரி பிற்பாடு நூறு வாக்குமூலத்துக்குச் சமம். கூட மாமியார் நிற்கிறார் என்று 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்' என்று சொன்னீர்களானால், இரண்டு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் உரக்கப் படிப்பார். தனியாகப் பேச வேண்டும் என்று நர்ஸிடம் சொல்லுங்கள். யார், எப்போது, எதால், எங்கே என்று நான்கையும் சொல்லி, ஏ.ஆர். காப்பி கேட்டு வாங்குங்கள். காயத்தை அன்று ஒரு தடவையும் மூன்றாம் நாள் ஒரு தடவையும் படம் எடுங்கள், கன்றிய நிறம் அப்போதுதான் நன்றாகத் தெரியும். முகமும் காயமும் சேர்ந்து ஒரு படம், காயம் மட்டும் கிட்டத்தில் ஒரு படம்.

வேலை போய்விடும் என்ற பயத்துக்குப் பதில்: கைது இல்லாமலே பாதுகாப்பு வாங்க வழி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் நீங்கள் கேட்பது தண்டனை அல்ல, உத்தரவு. இனி அடிக்கக் கூடாது, வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது, மாதம் இவ்வளவு செலவுக்குத் தர வேண்டும், பிள்ளைகள் தாயிடம் இருக்கட்டும் என்ற உத்தரவு. அதை அவர் மீறினால்தான் குற்றவியல் வழக்கு, 1 ஆண்டு வரை சிறை. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். நடந்ததைக் கேட்டு அவரே படிவத்தில் எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார், கட்டணமில்லை. இப்போது அம்மா வீட்டில் இருந்தால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே போடலாம். வக்கீல் வேண்டுமென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும், பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

வீடு மாமியார் பெயரில் இருப்பதும் தடையில்லை. நீங்கள் குடித்தனம் நடத்திய வீடு கணவரின் உறவினர் பெயரில் இருந்தாலும் அது 'பகிர்ந்துகொண்ட இல்லம்' ஆகலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே குடியிருக்க உரிமை கேட்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது. கணவரை வெளியே இருக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம், மாமியாரை வெளியேற்ற முடியாது. இதைத் தெரியாமல் எதிர்பார்த்துப் போய் ஏமாறுகிறவர்கள் நிறைய.

சட்டப் புத்தகத்தில் முதல் விசாரணை 3 நாளில், முடிவு 60 நாளில். நடப்பில் மாதங்கள், சில நேரம் வருடங்கள். அதனால் மனுவோடு இடைக்கால உத்தரவையும் (23-ஆம் பிரிவு) தனியாகக் கேளுங்கள். கேட்காமல் விட்டால் வாய்தா மட்டும் கிடைக்கும்.

கிளம்புவதற்கு முன் ஒரு பை: ஆதார், ரேஷன் அட்டை நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பேங்க் புத்தகம், கல்யாணப் படம் ஒன்று, நகை ரசீது, ஒரு வாரத்துக்கான மாத்திரை. வீட்டில் வைக்காதீர்கள், நம்பகமான பக்கத்து வீட்டில் வையுங்கள். போகப் போகிறேன் என்று சண்டையில் சொல்லிவிடாதீர்கள். அடி அதிகமாவது பெரும்பாலும் அந்த அறிவிப்புக்குப் பிறகுதான். ராத்திரியில் ஆபத்து என்றால் 112, தங்க இடம் வேண்டும் என்றால் 181. பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசின் சகி மையத்தில் சில நாள் தங்கலாம்.

தேசிய குடும்ப நல ஆய்வில் (2019-21) தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். நாடு முழுக்க வன்முறையைச் சந்தித்தவர்களில் உதவி கேட்டவர்கள் 14 சதவீதம்தான். நீங்கள் கடிதம் எழுதியதே பாதி வழி.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. பையன்கள் 'ஆல்ஃபா' (அடக்கி ஆளும் ஆண்), 'சிக்மா' (யாரையும் சாராமல் தனித்து நிற்கும் ஆண்) என்று ரீல்ஸ் பார்த்துவிட்டு, 80 சதவீதப் பெண்கள் 20 சதவீத ஆண்களைத்தான் விரும்புவார்கள் என்று வாதம் செய்கிறார்கள். திட்டினால் இன்னும் பிடித்துக்கொள்கிறார்கள்.

பதில்: திட்ட வேண்டாம் டீச்சர், கணக்கு கேளுங்கள். அந்த 80-க்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது ஓகேகியூபிட் என்ற அமெரிக்க டேட்டிங் தளம் 2009-இல் வெளியிட்ட தகவல். பெண்கள் 80 சதவீத ஆண்களின் போட்டோவுக்கு சராசரிக்குக் கீழே மதிப்பெண் போட்டார்கள் என்பது உண்மை. அதே பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது: குறைவாக மதிப்பெண் போட்ட ஆண்களுக்கே பெண்கள் நிறையச் செய்தி அனுப்பினார்கள். ரீல்ஸில் முதல் பாதி மட்டும் வரும்.

அடுத்து, இந்த ரீல்ஸால் யாருக்குக் காசு என்று கேளுங்கள். ஆண்ட்ரூ டேட் என்பவர் இந்த வகைப் பேச்சில் பேர்போனவர். மாதம் கிட்டத்தட்ட 50 டாலர் கட்டிச் சேர்ந்த பையன்களையே தன் பேச்சைத் துண்டு துண்டாக வெட்டிப் பரப்ப வைத்து, புதிதாக ஆள் சேர்த்தால் கமிஷன் கொடுத்தார். 2022 ஆகஸ்டில் பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் டிக்டாக்கும் அவரை நீக்கின, டிசம்பரில் ருமேனியாவில் கைதானார். இது தத்துவம் இல்லை, சங்கிலித் தொடர் வியாபாரம் என்று தெரிந்ததும் பதினாலு வயசுக்கு சட்டென்று உறைக்கும். தாங்கள் வாடிக்கையாளர் என்பது அவர்களுக்குப் பிடிக்காது.

ஒன்றில் மட்டும் கவனம். எல்லாப் பையன்களும் சேர்ந்து சிரிப்பது ஒரு ரகம். ஒருவன் மட்டும் தனித்து, ஒரு குறிப்பிட்ட மாணவியின் பெயரைச் சொல்லி, 'பழிவாங்கணும்' என்று எழுதுவது வேறு ரகம். டொராண்டோவில் 2018 ஏப்ரலில் வேனை ஏற்றி அன்றே பத்துப் பேரைக் கொன்றவன், அதற்குக் கொஞ்ச நேரம் முன்பு, பெண்கள் தங்களை ஏற்கவில்லை என்று கறுவும் ஆண்களின் கிளர்ச்சி தொடங்கிவிட்டது என்று பேஸ்புக்கில் போட்டான். அப்படி ஒரு நோட்டு கையில் கிடைத்தால் கிழித்துப் போடாமல் அன்றே தலைமையாசிரியரிடம் கொடுங்கள், பையனுக்கு ஆலோசகரும் அந்த மாணவியின் வீட்டுக்குத் தகவலும் ஒரே நாளில் போக வேண்டும்.

கேள்வி: ஜவுளிக் கடையில் எட்டுப் பேர் வேலை செய்கிறோம். மேனேஜர் ஸ்டாக் ரூமில் உரசுகிறார். எங்கள் கடையில் இந்த மாதிரிப் புகாரை விசாரிக்கும் கமிட்டி எதுவும் இல்லை.

பதில்: பத்துப் பேருக்குக் கீழே என்றால் கடைக்குள் கமிட்டி தேவையில்லை, ஆனால் சட்டம் உங்களை விட்டுவிடவில்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும். கலெக்டர் அலுவலகத்திலோ மாவட்ட சமூக நல அலுவலகத்திலோ கேளுங்கள். முதலாளி மேல்தான் புகார் என்றாலும் போக வேண்டிய இடம் அதுதான். எழுத்தில் கொடுக்க வேண்டும், தேதிகளோடு. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை உங்களையோ அவரையோ இடம் மாற்றக் கேட்கலாம், மூன்று மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். சமரசம் பேசலாம் என்பார்கள். நீங்கள் கேட்டால்தான் சமரசம், அதிலும் பணம் வாங்கி முடிப்பதை இந்தச் சட்டம் ஏற்பதில்லை. உரசுவது தனியாக போலீஸ் குற்றமும்கூட, இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுக்கலாம். கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு போய்ச் சேர வேண்டும். தீபாவளி சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.